ஆட்டுப் பண்ணையாளருக்குச் சட்டமன்றத்தில் என்ன வேலை?

கேள்வி கேட்டவர் ஃபிராங்க் கூடிங் என்பவரைப் பற்றிய சிறு குறிப்பு ஒன்றைப் படித்திருக்கிறார். "அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில் தொடக்ககாலச் சட்டமன்ற உறுப்பினர், ஆட்டுப் பண்ணையாளர், பிறகு ஆளுநர்" என்று அதில் இருந்ததாம். ஆடு மேய்த்த ஏழை ஒருவர் இத்தனை உயரத்துக்கு வந்தது எப்படி என்று கேட்கிறார். இதற்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. அவர் எப்படிப்பட்ட ஆட்டுக்காரர் என்பது ஒன்று. ஆட்டுக்காரருக்கும் சட்டமன்றத்துக்கும் என்ன தொடர்பு என்பது மற்றொன்று. இரண்டாவதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. நான் கால்நடை மருத்துவம் படித்து, பணிக்காலத்தின் பெரும்பகுதியைச் செம்மறியாடுகளோடு கழித்தவன். செம்மறி நோய்த் தடுப்புச் சட்டங்கள் எங்கிருந்து வந்தன என்று தேடிப் படிக்கப் போய்த்தான் அமெரிக்க மேற்குப் பகுதியின் மேய்ச்சல் அரசியல் எனக்குப் பழக்கமாயிற்று. வழக்கறிஞன் அல்லன் என்பதால் தீர்ப்புகளின் முடிவை மட்டும் சொல்கிறேன். அவற்றின் சட்ட நுணுக்கத்துக்குள் போகவில்லை.

முதலில் ஐயத்துக்கு இடமில்லாத செய்திகள். கூடிங் 1859 செப்டம்பரில் இங்கிலாந்தின் டெவன் பகுதியில் உள்ள டிவர்ட்டனில் பிறந்தார். 1867 இல் குடும்பம் அமெரிக்காவின் மிச்சிகனுக்குக் குடிபெயர்ந்தது. 1877 இல் கலிபோர்னியாவின் ஷாஸ்டா மலைப் பக்கம் போய் விவசாயத்திலும் சுரங்கத் தொழிலிலும் ஈடுபட்டார். 1881 இல் ஐடஹோவின் கெட்சம் என்ற மலையூருக்கு வந்தார். அப்போது அந்தப் பள்ளத்தாக்கில் ஈயமும் வெள்ளியும் கிடைத்து, சுரங்கக்காரர்கள் குவிந்துகொண்டிருந்தார்கள். கூடிங் அங்கே முதலில் தபால் சுமந்தார். பிறகு விறகும் கரியும் விற்றார். உலோகத்தை உருக்கும் உலைகளுக்குக் கரி மூட்டை மூட்டையாகத் தேவைப்பட்ட காலம் அது. இதுவரை அவர் வாழ்க்கையில் ஆட்டு வாடையே இல்லை. 1888 இல்தான் மலையிலிருந்து இறங்கி, ஸ்நேக் ஆற்றுச் சமவெளியில் நிலம் பிடித்து, பயிரும் கால்நடையும் என்று அமர்ந்தார்.

ஆகவே கையில் கோலோடு மந்தைக்குப் பின்னால் நடந்து கூலி வாங்கியவர் என்ற படத்தை விட்டுவிட வேண்டும். வேறு தொழிலில் கையில் காசு சேர்த்துக்கொண்டு ஆட்டில் முதல் போட்டவர் அவர். ஏழைமையிலிருந்து தன் உழைப்பாலேயே மலையாக உயர்ந்தார் என்று பழைய மாவட்ட வரலாற்று நூல்களில் எழுதியிருப்பார்கள். அந்த வகை நூல்கள் பலவும், அவற்றில் இடம்பெறுபவர்களே முன்பணம் கட்டி வாங்கிக்கொள்ளும் ஏற்பாட்டில் அச்சானவை. அவற்றில் வரும் ஊர், ஆண்டு போன்றவற்றை எடுத்துக்கொள்ளலாம். புகழுரைகளையும் ஆட்டு எண்ணிக்கைகளையும் கழித்துத்தான் படிக்க வேண்டும்.

அந்தச் சமவெளியில் ஆடு வளர்ப்பது எப்படி நடந்தது என்று தெரிந்தால்தான் மேலே சொல்லப்போவது விளங்கும். ஏறத்தாழ 2,000 ஆடுகள் கொண்டது ஒரு மந்தை. அதற்கு ஒரு மேய்ப்பர், இரண்டொரு நாய்கள், கூடாரத்தை நகர்த்தவும் உணவுப் பொருள் கொண்டுவரவும் இன்னோர் ஆள். மேய்ப்பருக்கு வீடு என்பது கித்தான் கூரை போட்ட வண்டி. அதற்குள் ஓர் இரும்பு அடுப்பு, ஒரு கட்டில். வசந்தத்தின் தொடக்கத்தில் சமவெளியின் சேஜ் புதர்களுக்கிடையே ஈற்று நடக்கும். குட்டி செத்துப்போன தாயிடம் வேறோர் அநாதைக் குட்டியைச் சேர்க்க வேண்டுமானால், செத்த குட்டியின் தோலை உரித்து உயிருள்ள குட்டியின் முதுகில் சட்டையைப் போல மாட்டிவிடுவார்கள். தாய் முகர்ந்து பார்த்து, தன் குட்டியின் வாடைதான் என்று நம்பிப் பால் கொடுக்கும். இரண்டு மூன்று நாளில் தோலைக் கழற்றிவிடலாம். நானும் இதைச் செய்திருக்கிறேன். இதைவிட நம்பகமான முறை எனக்குத் தெரியாது. ஈற்றை ஒட்டி ரோமம் கத்தரிப்பார்கள். ஆள் உயரத்தையும் தாண்டிய நீளச் சாக்கு ஒன்றை மரச்சட்டத்தில் தொங்கவிட்டு, கத்தரித்த ரோமத்தை அதற்குள் போட, ஒருவர் உள்ளே இறங்கி மிதித்து மிதித்து அமுக்குவார். வெயில் ஏறி, சமவெளிப் புல் காய்ந்ததும் மந்தைகள் வடக்கே மலைக்கு நகரும். கோடை முழுவதும் மலைப்புல். இலையுதிர் காலத்தில் இறங்கி வரும்போது கொழுத்த குட்டிகள் ரயிலேறிக் கிழக்கே இறைச்சிச் சந்தைக்குப் போகும். தாயாடுகள் சமவெளிக்குத் திரும்பி, அறுத்துக் காயவைத்த குதிரைமசாலைத் தின்று பனிக்காலத்தைக் கழிக்கும்.

இப்போது ஒரு கணக்கு. குடியேறிய ஒருவருக்கு அரசு கொடுத்த நிலம் பெரும்பாலும் 160 ஏக்கர். வறண்ட அந்த மண்ணில் 2,000 ஆடுகளுக்கு 160 ஏக்கர் எந்த மூலைக்குக் காணும்? பண்ணையாளருக்குச் சொந்தமாக இருந்தவை ஆடுகள், ஒரு வீடு, கொஞ்சம் தண்ணீர், குதிரைமசால் விளையும் சில வயல்கள். ஆண்டின் பெரும்பகுதி ஆடுகள் தின்ற புல் அமெரிக்க அரசின் நிலத்தில் வளர்ந்த புல். அதற்கு வாடகை இல்லை, பட்டா இல்லை, எல்லைக்கல் இல்லை. யார் முதலில் வருகிறாரோ அவர் மேய்க்கலாம் என்ற வழக்கம்தான் இருந்தது. அந்த வழக்கத்தைச் சட்டமாக எழுதும் அதிகாரம் சட்டமன்றத்திடம் இருந்தது. தன் தொழிலின் அடிப்படையே இன்னொருவர் எழுதும் ஒரு வரியில் தொங்கும்போது, அந்த வரியை எழுதும் இடத்தில் உட்கார வேண்டும் என்று தோன்றாமல் இருக்காது. கூடிங் ஏன் சட்டமன்றத்துக்குப் போனார் என்பதற்கு நான் சொல்லும் விடை இதுதான்.

அந்த வரிகள் எழுதப்பட்டும்விட்டன, அவையும் ஆட்டுக்காரருக்கு எதிராக. ஐடஹோ 1890 ஜூலையில்தான் மாநிலமானது. அதற்கு முன்பே, ஆட்சிப்பகுதியாக இருந்த காலத்திலேயே, மாட்டுக்காரர்களின் கை ஓங்கியிருந்த சட்டமன்றம் இரண்டு ஏற்பாடுகளைச் செய்திருந்தது. பிறருடைய குடியிருப்பு வீட்டிலிருந்து 2 மைல் தொலைவுக்குள் ஆடு மேய்த்தால், ஆட்டுக்காரர் நட்டஈடு தர வேண்டும் என்பது ஒன்று. மாடுகள் முன்பிருந்தே வழக்கமாக மேயும் நிலத்தில் ஆட்டை விட்டால் குற்றம் என்பது இன்னொன்று. இரண்டு மைல் என்றால் சிறிதாகத் தெரியும். ஒரு வீட்டை நடுவில் வைத்து 2 மைல் ஆரத்தில் வட்டம் போட்டால் ஏறக்குறைய 8,000 ஏக்கர் வருகிறது. 160 ஏக்கர்க்காரர் ஒருவரின் வீடு, அரசு நிலத்தில் 8,000 ஏக்கரை ஆட்டுக்கு மூடிவிடுகிறது. வீடுகள் எல்லாம் ஓடைக்கரையில்தான் இருக்கும். நாலு வீடு வரிசையாக இருந்தால் மந்தைக்குத் தண்ணீர்த்துறையே அடைபட்டுப்போகும். மாட்டுக்கு இப்படி ஒரு தடை கிடையாது.

இந்த ஓரவஞ்சனைக்கு மாட்டுக்காரர்கள் சொன்ன காரணங்களில் உண்மையும் உண்டு, மிகையும் உண்டு. என் தொழில் சார்ந்த விஷயம் என்பதால் இதை மட்டும் உறுதியாகப் பிரித்துச் சொல்ல முடியும். மாடு நாக்கை நீட்டிப் புல்லைச் சுற்றிப் பிடித்து இழுத்துத் தின்னும். அதனால் அடியில் கொஞ்சம் மிஞ்சும். செம்மறிக்கு மேலுதடு பிளந்து, இரண்டு பாதியும் தனித்தனியாக அசையக்கூடியது. அதை ஒதுக்கிக்கொண்டு கீழ்ப்பற்களால் தரையை ஒட்டிக் கறித்துவிடும். ஒரே இடத்தில் நாள்கணக்காக மந்தையை நிறுத்தினால் வேர்வரை போய்விடும் என்பது மெய். ஆடு மேய்ந்த இடத்தில் மாடு வாயே வைக்காது, ஆட்டின் குளம்பிடுக்கிலிருந்து கசியும் வாடையை மாடு வெறுக்கும் என்றும் சொன்னார்கள். குளம்பிடுக்கில் சுரப்பி இருப்பது உண்மை. மாடு அதனால் பட்டினி கிடக்கும் என்பது பொய். ஆடும் மாடும் வெவ்வேறு செடிகளைத் தேடுவதால், அளவோடு சேர்த்து மேய்த்தால் நிலத்துக்கு நல்லது என்பது இன்று பாடநூலில் இருக்கிறது. கெடுத்தது மேய்ப்பின் அளவுதான். அளவை நிர்ணயிக்க ஆள் இல்லாத பொது நிலத்தில், நான் விட்டுவைத்தால் அடுத்தவன் மேய்த்துவிடுவான் என்று இரு தரப்புமே ஒட்ட மேய்த்தார்கள்.

சட்டம் கைகொடுக்காத இடத்தில் துப்பாக்கி பேசியது. 1896 பிப்ரவரியில், ஐடஹோவின் தெற்கு எல்லையை ஒட்டிய கஸ்ஸியா மாவட்டத்தில், ஜான் வில்சன், டேனியல் கம்மிங்ஸ் என்ற இரண்டு மேய்ப்பர்கள் தங்கள் வண்டியருகே சுடப்பட்டு இறந்தார்கள். ஒரு பெரிய மாட்டு நிறுவனம் ஆட்டுக்காரர்களை விரட்டுவதற்காக வைத்திருந்த ஜாக் டேவிஸ் என்ற ஆள்மீது பழி விழுந்தது. 'டைமண்ட்ஃபீல்ட் ஜாக்' என்பது அவருடைய பட்டப்பெயர். 1897 இல் அவருக்குத் தூக்குத்தண்டனை விதித்தார்கள். அடுத்த ஆண்டே அந்த நிறுவனத்தின் வேறு இருவர் தாங்கள்தான் சம்பவ இடத்தில் இருந்ததாக ஒப்புக்கொண்டார்கள். அப்படியும் ஜாக்குக்கு மன்னிப்பு கிடைக்க 1902 டிசம்பர் வரை ஆயிற்று. இந்த வழக்கில் அரசுத் தரப்பில் வாதாடியவர் வில்லியம் போரா. ஜாக்குக்காக வாதாடியவர் ஜேம்ஸ் ஹாலி. இந்த இரண்டு பெயர்களும் மீண்டும் வரும். இந்த வழக்கு ஊரெல்லாம் பேசப்பட்டுக்கொண்டிருந்த 1898 இல்தான் கூடிங் மாநிலச் சட்டமன்றத்தின் மேலவையான செனட்டுக்குத் தேர்வானார். 1902 வரை அங்கே இருந்தார்.

அவர் குடியரசுக் கட்சிக்காரர். அதற்கும் ரோமத்துக்கும் நேரடித் தொடர்பு இருக்கிறது. 1894 இல் வந்த சுங்கச் சட்டம் வெளிநாட்டுக் கம்பளி ரோமத்துக்கான இறக்குமதி வரியை அடியோடு நீக்கியது. 1893 இன் பொருளாதார முடக்கத்தோடு அதுவும் சேர, மேற்கின் ஆட்டுக்காரர்கள் தத்தளித்துப்போனார்கள். 1897 இல் குடியரசுக் கட்சி ஆட்சி வரியைத் திரும்பக் கொண்டுவந்தது. ஆட்டுக்காரர் ஒருவர் அந்தக் கட்சியில் நின்றதற்கு இதைவிடப் பெரிய காரணம் தேட வேண்டியதில்லை.

கூடிங் உறுப்பினராக இருந்த முதல் கூட்டத்தொடரான 1899 இல் இயற்றப்பட்ட ஒரு சட்டம் என்னைப் போன்றவர்களுக்கு மிக வேண்டியது. செம்மறிகளுக்குச் சொறிநோய் வரும். வெறுங்கண்ணுக்கு அரிதாகவே தெரியும் ஓர் ஒட்டுண்ணி தோலின் மேற்பரப்பில் பெருகி, அரிப்புத் தாங்காமல் ஆடு கல்லிலும் கம்பத்திலும் உரசிக்கொள்ளும். ரோமம் கொத்துக் கொத்தாக உதிரும்; ஆடு மெலிந்து, குளிரில் சாகும். உரசிய கம்பத்திலிருந்து அடுத்த மந்தைக்குத் தொற்றும். சுண்ணாம்பும் கந்தகமும் சேர்த்துக் காய்ச்சிய கரைசலிலோ புகையிலைச் சாற்றிலோ ஒவ்வோர் ஆட்டையும் முக்கி எடுக்க வேண்டும். முட்டைகள் மருந்துக்குச் சாகாது என்பதால், அவை பொரித்த பிறகு, அதாவது முதல் முறை முக்கியதிலிருந்து 10 முதல் 14 நாளுக்குள், மறுபடியும் முக்க வேண்டும். பக்கத்து மாநிலத்திலிருந்து சொறி ஆடு வந்துகொண்டே இருந்தால் இத்தனையும் வீண். நோய் பரவியுள்ள பகுதிகளிலிருந்து ஆடுகள் ஐடஹோவுக்குள் வருவதைத் தடுத்து ஆணையிட ஆளுநருக்கு அந்த 1899 சட்டம் அதிகாரம் கொடுத்தது. யூட்டா பக்கத்து ஆட்டுக்காரர் ஒருவர் அதை எதிர்த்துப் போக, 1901 இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சட்டம் செல்லும் என்றது. இந்தச் சட்டத்தைக் கூடிங்தான் கொண்டுவந்தார் என்று நான் சொல்லவில்லை. அவர் அவையில் இருந்தார், அவர் தொழிலுக்கு அது உயிர்நாடி. இந்த இரண்டோடு நிறுத்திக்கொள்வது நேர்மை.

ஆட்டுக்காரர்கள் அவைக்குள் நுழைந்ததால் எல்லாம் மாறிவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். இரண்டு மைல் சட்டத்தை எதிர்த்த வழக்கு 1907 இல் உச்ச நீதிமன்றத்தில் தோற்றது. மாட்டு மேய்ச்சல் நிலத்தில் ஆட்டை விட்டால் குற்றம் என்ற ஏற்பாடும் செல்லும் என்று 1918 இல் அதே நீதிமன்றம் சொல்லிவிட்டது. அந்த இரண்டாம் வழக்கில் தண்டிக்கப்பட்டவரின் பெயர் ஒமாயெச்செவாரியா. ஸ்பெயின், பிரான்ஸ் எல்லையிலுள்ள பாஸ்க் இனத்தவர் பெயர் அது. ஐடஹோ மலைகளில் கோடை முழுவதும் தனியாகக் கிடந்து ஆடு காத்தவர்களில் பாஸ்க் இளைஞர்கள் ஏராளம். கூடிங்கைப் பற்றி எழுதுகிறவர்கள் இவர்களை ஒரு வரியிலாவது நினைக்க வேண்டும் என்பது என் விருப்பம். செல்வத்தை உண்டாக்கிய கால்கள் இவர்களுடையவை.

1904 தேர்தலில் வென்று 1905 தொடக்கத்தில் கூடிங் ஆளுநரானார். பாய்சி நகரில் இன்றுள்ள தலைமைச் சட்டமன்றக் கட்டடத்தின் வேலை அவர் காலத்தில்தான் தொடங்கியது. ஆனால் அவருடைய ஆட்சியை வரலாறு நினைவில் வைத்திருப்பது ஒரு கொலைக்காக. 1905 டிசம்பர் 30 அன்று, முன்னாள் ஆளுநர் ஃபிராங்க் ஸ்டூனென்பர்க் கால்டுவெல் ஊரில் தம் வீட்டு வாயிற்கதவைத் திறந்தபோது, அதில் பொருத்தியிருந்த குண்டு வெடித்து இறந்தார். ஹாரி ஆர்ச்சர்ட் என்பவர் பிடிபட்டு, தாமே வைத்ததாக ஒப்புக்கொண்டார்; மேற்குச் சுரங்கத் தொழிலாளர் சங்கத்தின் தலைவர்கள் சொல்லித்தான் செய்தேன் என்றும் வாக்குமூலம் கொடுத்தார். கூடிங்கின் அரசு பிங்கர்ட்டன் என்ற தனியார் நிறுவனத்தின் துப்பறிவாளர்களின் உதவியோடு அந்தத் தலைவர்களைக் கொலராடோவில் பிடித்து, தனி ரயிலில் ஐடஹோவுக்குக் கொண்டுவந்தது. 1907 இல் அந்தத் தலைவர்களில் ஒருவரான பில் ஹேவுட்டின் விசாரணை பாய்சியில் நடந்தது. அரசுத் தரப்பில் முன்பு எதிரெதிரே நின்ற அதே போராவும் ஹாலியும் சேர்ந்து நின்றார்கள். எதிரே, ஹேவுட்டின் வழக்கறிஞராகக் கிளாரன்ஸ் டாரோ. ஜூலையில் ஜூரிகள் ஹேவுட்டைக் குற்றவாளி அல்ல என்று விடுவித்தார்கள். குண்டு வைத்தவர் ஆர்ச்சர்ட் என்பது உறுதி. அவரை ஏவியது யார் என்பது இன்றுவரை வரலாற்றாசிரியர்கள் வாதாடும் விஷயம். தொழிலாளர் தலைவர்களை அந்த முறையில் ரயிலேற்றியது சரியல்ல என்பது என் கருத்து. சட்டப்படி அது செல்லும் என்று ஆகிவிட்டது என்பது வேறு. 1906 தேர்தலில் கூடிங்குக்காகப் பிரசாரம் செய்ய, பின்னாளில் அமெரிக்க அதிபரான வில்லியம் டாஃப்ட் வந்ததும், கூடிங் மறுபடி வென்றதும் இந்த வழக்கின் சூட்டில்தான்.

இதே ஆண்டுகளில் மேய்ச்சல் உலகம் காலடியில் மாறிக்கொண்டிருந்தது. 1905 இல் ஸ்நேக் ஆற்றில் மில்னர் அணை முடிந்து, சேஜ் புதர்க்காடு வயல்களாகத் தொடங்கியது. அதே ஆண்டு சாடூத் மலைகள் காப்புக்காடாயின; 1906 முதல் காப்புக்காடுகளில் மேய்க்கக் கட்டணம் வந்தது. தாராளமாகக் கிடைத்த கோடைப் புல்லுக்கு அனுமதிச்சீட்டும் கணக்கும் வந்துவிட்டன. கூடிங்கின் பண்ணையை ஒட்டி, டோபோனிஸ் என்றிருந்த ரயில் நிறுத்தம் அவர் பெயரிலேயே ஊராயிற்று. 1913 இல் அதே பெயரில் மாவட்டமும் பிரிந்தது.

1918 இல் அமெரிக்க செனட்டுக்கு நின்று ஆயிரத்துக்கும் குறைவான வாக்குகளில் ஜான் நியூஜென்டிடம் தோற்றார். 1920 இல் அவரையே வென்று, 1921 ஜனவரியில் வாஷிங்டன் போனார். அங்கே ஐடஹோவின் இன்னொரு இடத்தில் இருந்தவர் அதே போரா. அங்கும் கூடிங் பேசியது பெரும்பாலும் பண்ணையாளரின் பிழைப்புப் பிரச்சினைகளைத்தான். 1922 சுங்கச் சட்டத்தில் வேளாண் பொருள்களுக்கு வரி கேட்ட உறுப்பினர் அணிக்கு அவர் முன்னின்றார். சுத்தம் செய்த ரோமக் கணக்கில் ஒரு பவுண்டுக்கு 31 சென்ட் வரி அதில் வந்தது. ரயில் நிறுவனங்கள் தொலைவிலுள்ள கடற்கரைத் துறைமுகத்துக்குக் குறைந்த கட்டணமும், வழியிலுள்ள உள்நாட்டு ஊர்களுக்குக் கூடுதல் கட்டணமும் வாங்கிய முறையை எதிர்த்து அவர் கொண்டுவந்த மசோதா 1924 இல் செனட்டில் நிறைவேறியது, சட்டமாகவில்லை. 1926 இல் மீண்டும் வென்று, பதவியில் இருக்கும்போதே 1928 ஜூன் 24 அன்று தம் பெயர் கொண்ட ஊரில் காலமானார்.

கேட்டவருக்கு இன்னும் ஆர்வமிருந்தால் ஆளுநர் காலத்தை விட்டுவிட்டு, ஐடஹோ செனட்டின் 1899, 1901 கூட்டத்தொடர் பதிவேடுகளில் தொடங்கச் சொல்வேன். மேய்ச்சல், சொறி, கால்நடை வரி தொடர்பான மசோதாக்களில் ஒவ்வோர் உறுப்பினரும் எப்படி வாக்களித்தார் என்பது அங்கே பெயரோடு இருக்கும். பக்கத்தில் ஒரு நிலப்படத்தையும் விரித்து, எந்த உறுப்பினர் மாட்டு மாவட்டத்தவர், எந்த உறுப்பினர் ஆட்டு மாவட்டத்தவர் என்று குறித்துக்கொண்டு படித்தால், கட்சிப் பெயர்களைவிடப் புல்வெளிகள் அதிகம் பேசும் இடங்கள் கண்ணில் படும்.